ஒரு சாக்கு நிறைய வெயில் காலத்துக் காய்: என்ன சமைக்கலாம்?

மதுரை_மாடிவீடு
எல்லோருக்கும் வணக்கம். சோழவந்தான் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் மாமனார் நேற்று ஒரு சாக்கை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். நாட்டு மாங்காய், முருங்கைக்காய், பாதி வெள்ளைப்பூசணி, வெள்ளரிப்பிஞ்சு, ஒரு பை பலாக்கொட்டை, ஒரு சுரைக்காய், கை கொள்ளாத அளவுக்குப் புதினா, ஒரு கிளையையே ஒடித்துப் போட்ட மாதிரி கறிவேப்பிலை.

எங்கள் சமையலறை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது. பத்து மணிக்கு மேல் அடுப்பு முன்னால் நிற்க முடியாது. வீட்டில் சுத்த சைவம், அத்தைக்கு வெங்காயமும் பூண்டும் ஆகாது. எங்கே தேடினாலும் 'சம்மர் ஸ்பெஷல்' என்று ஜூஸும் மோரும்தான் காட்டுகிறார்கள். எனக்கு வேண்டியது சோற்றுக்கு! அடுப்பில் அதிக நேரம் இல்லாமல், காயும் தழையும் வாடுவதற்குள் தீர்க்கிற மாதிரி சொல்லுங்கள்.

கொல்லைப்புறம் (தஞ்சாவூர்)
நல்ல மாமனார். முதலில் எது கெடும் என்று பாருங்கள், எது பிடிக்கும் என்று அப்புறம் பார்க்கலாம். புதினாவும் வெள்ளரிப்பிஞ்சும் இன்று நாளைக்குள் தீர வேண்டும். வெட்டின பூசணி அதற்கடுத்து. முருங்கைக்காயைத் துண்டாக்கி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாள் தாங்கும். பலாக்கொட்டை அவசரமே படாது, காய்ந்த மணலில் புதைத்து வைத்து ஆடி வரை எடுத்த வீடுகள் உண்டு.

பூசணிக்கு மோர்க்குழம்புதான். அடுப்பில் கால் மணி நேரம் போதும். நாலு பேருக்கு அளவு: ஒரு மேசைக்கரண்டி துவரம்பருப்பு, ஒரு தேக்கரண்டி பச்சரிசி, இரண்டையும் அரை மணி ஊற வையுங்கள். அதோடு மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், நாலு பச்சை மிளகாய், ஒரு தேக்கரண்டி சீரகம், ஒரு துண்டு இஞ்சி சேர்த்து நைசாக அரைக்க வேண்டும். பூசணியில் மஞ்சள்தூள், உப்பு போட்டுக் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள். அதுவே தண்ணீர் விடும். கண்ணாடி மாதிரி ஆனதும் அரைத்ததைக் கரைத்து ஊற்றி, பச்சை வாசனை போகும் வரை கொதிக்க விடுங்கள். அப்புறம் தீயைச் சிம்மில் வைத்து, இரண்டு கப் புளித்த தயிரைக் கடைந்து ஊற்றுங்கள். ஓரத்தில் நுரை கட்டும் பாருங்கள், அதுதான் கணக்கு. பொங்கக் கூடாது. இறக்கிவிட்டுத் தேங்காய் எண்ணெயில் கடுகு, வெந்தயம், வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது.

பரங்கிமலை
அரிசிக்குப் பதில் கடலைமாவு போடலாமா? ஊற வைக்க நேரமில்லாதவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

கொல்லைப்புறம் (தஞ்சாவூர்)
போடலாம். ஆனால் கடலைமாவு வாசனை முன்னால் நிற்கும், வட இந்தியர் 'கடி' என்று செய்யும் மோர்க்குழம்பு பக்கம் போய்விடும். எனக்கு ஆகாது.

ஓய்வு_வாத்தியார்
அரிசியோ மாவோ, ஏதோ ஒன்று வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. தயிர் ஏற்கனவே புளித்தது. அதற்குச் சூடு ஏறும்போது அதிலிருக்கும் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், தண்ணீர் தனியே பிரியும். அதைத்தான் திரிந்துவிட்டது என்கிறோம். அரிசி, பருப்பில் இருக்கும் மாவுச்சத்து வெந்து கொழகொழப்பாகி நடுவில் புகுந்துகொள்வதால் புரதம் சேர்ந்து கட்டியாக முடிவதில்லை. தயிரை ஊற்றும் முன் நன்றாகக் கடைவதும் அதற்காகத்தான்.

(வேதியியல் முப்பது வருடம் நடத்தியவன். தொல்லையாக இருந்தால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.)

தாமிரபரணித்_தண்ணி
நிறுத்தாதீங்க சார், இதையெல்லாம் எங்க அம்மா 'சொன்னதைச் செய்' என்பதோடு முடித்துவிட்டார்.

மாடிவீட்டு அக்கா, முருங்கைக்காய்க்கு எங்க திருநெல்வேலிச் சொதி வையுங்க. தேங்காயில் மூன்று பால் எடுத்து, மூன்றாம் பாலில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பீன்ஸ், கேரட்டை வேக வைக்கணும். வேக வைத்த பாசிப்பருப்பு, இரண்டாம் பால், கீறின பச்சை மிளகாய், இஞ்சிச் சாறு. கடைசியில் முதல் பால், அது கொதிக்கவே கூடாது. இறக்கி ஆறினபிறகு எலுமிச்சம்பழம். தொட்டுக்க இஞ்சித் துவையல் இல்லாவிட்டால் அது சொதியே இல்லை. கல்யாண வீட்டில் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு எங்க பக்கம் இதுதான்.

பரங்கிமலை
பூண்டு போடாமல் சொதியா?

தாமிரபரணித்_தண்ணி
பூண்டு, வெங்காயம் போடுவதுண்டு. அவங்க அத்தைக்கு ஆகாது என்று முதல் பதிவிலேயே சொல்லியிருக்காங்க, படிச்சிட்டு வாங்க அண்ணே. இஞ்சி தூக்கலாக இருந்தால் பூண்டு இல்லாத குறை தெரியாது.

வடமராட்சி
எங்கட சொதி இன்னும் சுருக்கம். யாழ்ப்பாணத்தில் பருப்பு, மரக்கறி என்று நிறையப் போடுவதில்லை. இரண்டாம் பாலில் பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், கொஞ்சம் வெந்தயம் போட்டு அவியவிட்டு, முதற்பாலை விட்டு ஒரு கொதி தொடங்கும்போதே இறக்கித் தேசிக்காய்ப் புளி (உங்கட எலுமிச்சைச் சாறு) விடுவோம். வெங்காயம் வழமையாகப் போடுவோம். உங்களுக்கு வேண்டாமென்றால் நாலு துண்டு மாங்காய் போடுங்கள். மாங்காய் போட்டால் தேசிக்காய் தேவையில்லை.

அதைவிட வெயிலுக்கு நான் சொல்வது வல்லாரைச் சம்பல்தான். அடுப்பே வேண்டாம். வல்லாரையைக் கழுவி, தண்ணீர் ஒட்ட வடியவிட்டு, மெல்லிசாக அரிந்து, தேங்காய்ப்பூ (துருவல்), பச்சை மிளகாய், உப்பு, தேசிக்காய் சேர்த்துப் பிசைய வேண்டும். சாப்பிட இருக்கும்போதுதான் பிசைவது. முதலே செய்து வைத்தால் தண்ணீர் விட்டுக் கறுத்துப்போகும். மதுரையில் வல்லாரை கட்டாகக் கிடைக்கும்தானே?

மதுரை_மாடிவீடு
கிடைக்கும், கீரைக்காரம்மாவிடம் முன்னாடியே சொல்லி வைக்க வேண்டும். இதே முறையில் புதினாவைச் செய்யலாமா? இங்கே புதினாதான் குவிந்து கிடக்கிறது.

வடமராட்சி
செய்யலாம், ஆனால் தனிப் புதினா உறைக்கும், நாக்கு மரத்துவிடும். பாதிக்குப் பாதி மல்லித்தழை சேர்த்துப் பாருங்கள்.

கீழவீதி_மாமி
புதினாவைப் பச்சையாகச் சாப்பிட மாடா நாம்? நல்லெண்ணெயில் உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய், பெருங்காயம் வறுத்து எடுத்துக்கொண்டு, அதே வாணலியில் புதினாவைப் போட்டுச் சுருங்க வதக்கி, துளி புளி, உப்பு வைத்துக் கெட்டியாக அரைப்பதுதான் துவையல். பச்சையாக அரைத்தால் ஒரு கரகரப்பும் கசப்பும் வரும். ஹோட்டலில் இட்லிக்கு ஊற்றுகிற பச்சைத் தண்ணீரைத் துவையல் என்று சொல்லாதீர்கள்.

பரங்கிமலை
மாமி, வதக்கினால் புதினா வாசனையே போய்விடுகிறதே. பச்சைப் புதினாவோடு பொட்டுக்கடலை, தேங்காய், பச்சை மிளகாய், உப்பு வைத்து அரைத்தால்தான் மணம். எனக்குத் தயிர்சாதத்துக்கு அதுதான் வேண்டும்.

கீழவீதி_மாமி
தயிர்சாதத்துக்கு வடு இருக்கும்போது துவையல் எதற்கு என்று கேட்டால் சண்டைக்கு வருவீர்கள்.

ஓய்வு_வாத்தியார்
இரண்டு கட்சியும் பாதி பாதி சரி. இலையை அரைக்கும்போது அதன் செல்கள் உடைகின்றன. உள்ளேயிருக்கும் நொதிகள் காற்றுப் பட்டதும் வேலையைத் தொடங்கும், வெட்டின வாழைக்காய் கறுக்கிறதே அதே வேலைதான். ஒரு நிமிடம் வதக்கினால் சூட்டில் அந்த நொதிகள் செயலிழந்துவிடும். அதனால் வதக்கி அரைத்தது அடுத்த நாள் வரை தாங்கும். பச்சையாக அரைத்தது அப்போதைக்கு மணக்கும், மாலைக்குள் நிறமும் ருசியும் இறங்கும். மணம் தருகிற எண்ணெய் சூட்டில் ஆவியாகும் என்பதில் பரங்கிமலை சொல்வதும் உண்மை.

இன்னொன்று, புளியோ எலுமிச்சையோ பட்டால் பச்சையம் மெல்ல மெல்ல மங்கி ஆலிவ் நிறத்துக்குப் போகும். பச்சையாகவே இருக்க வேண்டுமானால் புளிப்பைப் பரிமாறும்போது சேருங்கள். சொதியில் எலுமிச்சையைக் கடைசியில் பிழிவது வேறு காரணம், பால் திரியாமல் இருக்க.

அப்படியானால் மாடிவீடு செய்ய வேண்டியது: இன்றைக்குப் பச்சையாக ஒரு கிண்ணம், மீதியை மாமி முறையில் வதக்கிக் கெட்டியாக அரைத்து ஃபிரிட்ஜில்.

மதுரை_மாடிவீடு
இது நல்ல யோசனை சார். சரி, மாங்காயும் பலாக்கொட்டையும் முருங்கைக்காயும் சேர்த்துக் குழம்பு வைக்கலாம் என்று அத்தை சொல்கிறார். எல்லாவற்றையும் குக்கரில் ஒன்றாகப் போட்டு இறக்க வழியுண்டா?

கொல்லைப்புறம் (தஞ்சாவூர்)
ஐயோ, ஒன்றாகப் போடாதீர்கள். பருப்போடு மாங்காயை வேக வைத்தால் பருப்பு விதை விதையாக நிற்கும். முருங்கைக்காய் கூழாகும், பலாக்கொட்டை கல்லாகவே இருக்கும்.

வரிசை இதுதான். குக்கரில் துவரம்பருப்பு கீழே, மேலே ஒரு கிண்ணத்தில் வெள்ளைத் தோல் உரித்த பலாக்கொட்டை. உள்ளே இருக்கும் பழுப்புத் தோலைச் சுரண்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. நாலு விசில். அது இறங்கும் நேரத்தில் இன்னொரு அடுப்பில் முருங்கைக்காயைச் சாம்பார்ப்பொடி, உப்பு போட்டு வேக விடுங்கள். முருங்கைக்காய் நிறம் மாறினதும் பருப்பையும் கொட்டையையும் சேர்த்துக் கொதி வந்தபின் மாங்காய்த் துண்டு. மாங்காய் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும், மாங்கொட்டையோடு சேர்த்துப் போட்டால் இன்னும் ருசி. நாட்டு மாங்காய் என்பதால் புளி ஊற்றவே வேண்டாம், வாயில் விட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கிளிமூக்கு மாங்காயாக இருந்தால் புளிப்பு போதாது, நெல்லிக்காய் அளவு புளி வேண்டியிருக்கும்.

கறிவேப்பிலையும் மல்லித்தழையும் இறக்கினபின். இரண்டு ஈர்க்குக் கறிவேப்பிலையைக் கையால் கசக்கிப் போட்டு உடனே மூடுங்கள். திறக்கும்போது தெரியும்.

ஓய்வு_வாத்தியார்
பருப்பு வேகாததற்கும் புளிப்புதான் காரணம். காய், பருப்பின் செல்களை ஒட்ட வைத்திருக்கும் பெக்டின், புளிப்பு இருந்தால் எளிதில் கரையாது. ரசத்துக்குப் பருப்பைத் தனியே வேக வைப்பதும், புளிக்குழம்பில் கத்தரிக்காயை முதலில் எண்ணெயில் வதக்குவதும் இதனால்தான். இதையே சாதகமாகவும் பயன்படுத்தலாம். வெண்டைக்காய் குழையாமல் இருக்க வேண்டுமானால் புளித்தண்ணீர் சீக்கிரமே சேர வேண்டும்.

ஆச்சிவீட்டுப்_பேரன் (காரைக்குடி)
வெண்டைக்காய் என்றதும் ஓடி வந்தேன். மாங்காய்க்கு எங்கள் ஊர் மண்டி ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரைக் கொட்டாமல் வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெயில் கடுகு, உளுந்து, வற்றல் மிளகாய் தாளித்து, வெண்டைக்காயை வதக்கி, மாங்காயைச் சேர்த்து, அந்தக் கழுநீரை ஊற்றி உப்புப் போட்டுக் கொதிக்க விட்டால் தானாகவே கெட்டிப்படும். புளிப்பு அதிகமென்றால் சின்னத் துண்டு வெல்லம். ஆச்சி சின்ன வெங்காயமும் பூண்டும் போடுவார், அவை இல்லாமலும் நிற்கும். தயிர்சாதத்துக்கு இதை விட்டால் வேறில்லை.

கீழவீதி_மாமி
மாங்காய்ப் பச்சடியை ஒருத்தரும் சொல்லவில்லை. சித்திரை முதல் நாளன்றைக்கு மட்டும் செய்துவிட்டு வருஷம் பூராவும் மறந்துவிடுகிறார்கள். மாங்காயைக் குழைய வேக விட்டு, வெல்லம் கரைத்து வடிகட்டி ஊற்றி, துளி உப்பு, பச்சை மிளகாய் ஒன்று கீறிப் போட்டு, நெய்யில் வேப்பம்பூவைக் கருகாமல் பொரித்து மேலே போட வேண்டும். வேப்பம்பூ பங்குனியிலேயே உதிர ஆரம்பிக்கும், அப்போதே மரத்தடியில் வேட்டி விரித்துச் சேர்த்து நிழலில் உலர்த்திக்கொண்டால் வருஷம் பூராவும் ரசத்துக்கு ஆகும். குழந்தைகள் கசக்கிறது என்று ஒதுக்கினால் அவர்கள் பங்கைத் தனியே எடுத்துவைத்துவிட்டு அப்புறம் பூவைச் சேருங்கள்.

புதுக்குடித்தனம்
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டிலும் ஒரு சுரைக்காய் இருக்கிறது. நறுக்கும்போது நாக்கில் வைத்துப் பார்த்தேன், லேசாகக் கசக்கிறது. தயிர் ஊற்றிக் கூட்டு செய்தால் சரியாகிவிடுமா? காசு கொடுத்து வாங்கியது.

ஓய்வு_வாத்தியார்
வேண்டாம். குப்பையில் போடுங்கள். இதில் மட்டும் நான் சமரசம் செய்ய மாட்டேன். சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் கசப்பைத் தருவது குக்கர்பிட்டாசின் என்ற பொருள். வேக வைத்தாலும் போகாது, தயிரோ வெல்லமோ சேர்த்தால் கசப்பு மறையுமே தவிர நஞ்சு மறையாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்துக் கடும் வயிற்றுவலி, வாந்தி, ரத்த வாந்தி வரை போனவர்கள் இருக்கிறார்கள், உயிரிழப்பும் நடந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்றே குழு வைத்து ஆராய்ந்து, கசந்தால் தொடாதீர்கள் என்றே சொன்னது. நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள், கசந்தால் மொத்தமாகக் குப்பை.

பரங்கிமலை
வெள்ளரிக்காய்க்கு நுனியை வெட்டித் தேய்த்து நுரையை எடுத்தால் கசப்பு போகும் என்பார்களே?

ஓய்வு_வாத்தியார்
காம்புப் பக்கமும் தோலும்தான் அதிகம் கசக்கும். அதனால் அந்த நுனியை ஒரு அங்குலம் வெட்டி எறிவது பலன் தரும். தேய்ப்பதால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும் என்பதை நான் நம்பவில்லை.

கீழவீதி_மாமி
எங்கள் பாட்டி காலத்திலிருந்து தேய்க்கிறோம். வாத்தியார் நம்பாவிட்டால் வெள்ளரிக்காய்க்கு என்ன நஷ்டம்?

ஆச்சிவீட்டுப்_பேரன் (காரைக்குடி)
ஹா ஹா. நுனியை வெட்டினால்தானே தேய்க்க முடியும் மாமி, எப்படியும் அந்த நுனி போய்விடுகிறது.

தாமிரபரணித்_தண்ணி
வெள்ளரிப்பிஞ்சுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அக்கா, கோசம்பரி செய்யுங்க, அடுப்பு வேண்டியது தாளிக்க மட்டும். பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊற வைத்து ஒட்ட வடித்து, பொடியாக நறுக்கின வெள்ளரி, துருவின மாங்காய், தேங்காய், கொத்தமல்லி, பச்சை மிளகாய் சேர்த்துக் கலந்து, கடுகு பெருங்காயம் தாளித்துக் கொட்டணும். உப்பு மட்டும் இலையில் வைக்கும்போது. முன்னாடியே உப்புப் போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டுக் கிண்ணத்தில் குளம் கட்டும். ராமநவமிக்குப் பானகத்தோடு கொடுப்பது இதுதான்.

கொல்லைப்புறம் (தஞ்சாவூர்)
இன்னொன்று. தர்பூசணி வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் சிவப்பை மட்டும் தின்றுவிட்டுத் தோலை எறிகிறார்கள். மேல் பச்சையைச் சீவிவிட்டு அந்த வெள்ளைப் பகுதியை நறுக்கினால் பூசணி மாதிரியே வேகும். கூட்டுக்கும் ஆகும், மேலே சொன்ன மோர்க்குழம்புக்கும் ஆகும்.

வடமராட்சி
இது புதுசு. இங்கே வத்தகப்பழத் தோலை மாட்டுக்குப் போடுவோம். மாட்டுக்கு முந்திச் செய்து பார்க்கிறேன்.

புதுக்குடித்தனம்
சுரைக்காயைப் போட்டுவிட்டேன், நன்றி சார். மல்லித்தழை பற்றி ஒரு கேள்வி. கார்த்திகை மார்கழியில் காய்கறிக்காரர் சும்மா போடுவார். இப்போது ஒரு சின்னக் கட்டுக்குக் காசு கேட்கிறார், அதுவும் முற்றல். ஏன்?

கொல்லைப்புறம் (தஞ்சாவூர்)
மல்லிக்கு வெயில் ஆகாது. சூடு ஏறினால் இலை விடுவதை நிறுத்திவிட்டுத் தண்டு நீட்டிப் பூத்துவிடும். பூத்த செடியில் இலை நூலாக இருக்கும், மணமும் குறையும். வெயில் காலத்தில் புதினாவை நம்புங்கள். வாங்கின கட்டில் தடித்த தண்டை நாலு விரல் நீளத்துக்கு நறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்ணீர் டம்ளரில் நிறுத்தி வையுங்கள். வேர் விடும். அகலமான தொட்டியில், வெயில் நேராக விழாத இடத்தில் நட்டு, மண் காயாமல் பார்த்துக்கொண்டால் கட்டு வாங்கவே வேண்டாம். கற்பூரவல்லிக்கு இந்தக் கவனிப்புகூடத் தேவையில்லை, ஒரு கொம்பைக் குத்தினால் வந்துவிடும். அந்த இலையை நெய்யில் லேசாக வதக்கித் தேங்காய், சீரகம், பச்சை மிளகாயோடு அரைத்துத் தயிரில் கலந்தால் பச்சடி. ஒரு மாறுதலுக்கு நல்லது.

மதுரை_மாடிவீடு
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை எட்டு மணிக்குள் மோர்க்குழம்பும் கோசம்பரியும் முடித்துவிட்டேன். நுரை கட்டினதும் அணைத்தேன், திரியவில்லை. அத்தை தஞ்சாவூர் அக்காவுக்குச் சொல்லச் சொன்ன செய்தி: இஞ்சி கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாமாம். புதினாவைப் பரங்கிமலை முறையில் ஒரு கிண்ணம், மாமி முறையில் ஒரு டப்பா. பச்சையாக அரைத்ததைப் பிள்ளைகள் தோசைக்கு வழித்துச் சாப்பிட்டார்கள், வதக்கினது இவருக்குப் பிடித்திருக்கிறது. குழம்பு நாளைக்கு.

மிச்சம் இருப்பது கறிவேப்பிலை. தாளிப்பில் போட்டுத் தீர்க்க முடிகிற அளவில்லை.

கீழவீதி_மாமி
அத்தையிடம் சொல்லுங்கள், மோர்க்குழம்புக்கு இஞ்சி கட்டாயமில்லை.

கறிவேப்பிலையைப் பொடி பண்ணிவிடுங்கள். கழுவித் துணியில் விரித்து நிழலிலேயே உலர்த்துங்கள், உங்கள் மாடிச் சூட்டுக்கு ஒரு நாள் போதும். அப்புறம் வெறும் வாணலியில், கையில் நொறுங்கும் வரை சிறு தீயில் புரட்ட வேண்டும். ஒரு கைப்பிடி உளுத்தம்பருப்பு, அரைக் கைப்பிடி கடலைப்பருப்பு, வற்றல் மிளகாய், ஒரு தேக்கரண்டி மிளகு, பெருங்காயக் கட்டி, சுண்டைக்காய் அளவு புளி எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, ஆறவிட்டு, உப்போடு கொரகொரப்பாகப் பொடியுங்கள். இலையைக் கடைசியில் போட்டு ஒரு சுற்று. சூட்டோடு பொடித்தால் ஈரம் விட்டுக் கட்டி தட்டும்.

வடமராட்சி
பொடிக்கு முன் ஒரு பிடி இலையை எடுத்து வையுங்கள். ஈரம் ஒட்டத் துடைத்து, ஈர்க்கிலிருந்து உருவாமல் அப்படியே கடதாசியில் சுற்றிப் போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சொதிக்கு இருக்கும்.

மதுரை_மாடிவீடு
சரி. மாங்காய் இன்னும் பத்துப் பதினைந்து இருக்கும். ஊறுகாய் போடத் தெம்பில்லை.

ஆச்சிவீட்டுப்_பேரன் (காரைக்குடி)
ஊறுகாய் வேண்டாம், கல்யாண மாங்காய் போடுங்கள். தோலோடு பொடிப் பொடியாக நறுக்கி, உப்பு, மிளகாய்த்தூள் பிசறி, நல்லெண்ணெயைக் காய வைத்துக் கடுகு, பெருங்காயம், துளி வெந்தயப்பொடி போட்டு மேலே கொட்டிக் கிளறினால் போதும், அரை மணியில் சாப்பிடலாம். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும். ஈரக் கரண்டியை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

மதுரை_மாடிவீடு
அத்தை கேட்கிறார், மிளகாய்த்தூள் எவ்வளவு?

ஆச்சிவீட்டுப்_பேரன் (காரைக்குடி)
ஒரு பெரிய மாங்காய்க்கு ஒரு தேக்கரண்டி. பிள்ளைகளுக்கு என்றால் பாதி. உப்பு முதலில் குறைவாகவே போடுங்கள், மாங்காய் தண்ணீர் விட்ட பிறகு பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம்.